தேறிய நாள்

காளான்காரிக்குக் காளான் பிடிக்காது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பதினெட்டு வருஷமாகக் காளானோடு காளானாகக் கிடக்கிறவள். விடிந்தும் விடியாததுமாக மரக்காட்டில் பறிப்பது, மத்தியானம் கொட்டகையில் தரம் பிரிப்பது, பிறகு தட்டுத் தட்டாகப் பரப்பி, உலர்த்துகிற சூட்டு அறைக்குள் தள்ளுவது. கை, தலைமுடி, தலையணை எல்லாவற்றிலும் அந்த ஈர வாடை. வீட்டுக்கு வந்து அதையே சாப்பாட்டுத் தட்டிலும் பார்க்க வேண்டுமாக்கும்? "ஆளை விடுங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவாள். கொட்டகையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அவள் வீட்டுக்காரருக்கும் நாத்தனாருக்கும் மட்டும் காளான் என்றால் உயிர்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னால் தெருவே இதைத்தான் பேசியது. அவள் பறித்தாள், அவள் சமைத்தாள், அவள் பரிமாறினாள், அவள் மட்டும் சாப்பிடவில்லை.

அதற்கு முன்னால் தெருவில் அவளுக்கு இருந்த பேரே வேறு. மழை விட்ட மறுநாள் யார் எங்கே எதைப் பிடுங்கி வந்தாலும் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

"இதைப் பாரேன். நத்தை தின்னிருக்கு. நத்தையே தின்னுதுன்னா விஷம் இருக்காதில்ல?"

"நத்தைக்கு ஒண்ணும் ஆகாது. நத்தையும் நீயும் ஒண்ணா?"

"வெள்ளி மோதிரத்தைப் போட்டு வேகவச்சுப் பார்த்தேன். கறுக்கவே இல்லையே."

"மோதிரத்துக்கு என்னடி தெரியும்? கொட்டு கீழே. கொட்டிட்டுக் கையை நல்லா கழுவு."

கொட்டிவிடுவார்கள். எதிர்ப்பேச்சு கிடையாது. அவள் சரி என்றால் சட்டியில் போடுவார்கள், வேண்டாம் என்றால் குப்பையில் போடுவார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

மரக்காட்டில் பறிப்பவற்றில் கிராக்கி பச்சைத்தொப்பிக்குத்தான். மேலே பாசி நிறத்தில் குடை, உள்ளே வெள்ளை மடிப்பு, வெள்ளைக் காம்பு. அதற்கு ஒரே ஒரு அடையாளம் போதும். காம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தால் சாக்பீஸ் போலப் பட்டென்று ஒடியும். நார் நாராகக் கிழிந்தால் அது வேறு ஜாதி. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவள் ஒவ்வொன்றையும் ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். அப்போதெல்லாம் மண்ணோடு, வேர்க்கட்டையோடு பிடுங்குவதுதான் வழக்கம்.

பிறகு புது மேஸ்திரி வந்தான். அவனுக்கு மண் ஆகாது. "மண்ணையும் சேர்த்து எடை போடச் சொல்றியா? காம்பு ஒரு விரல்கட்டைக்கு மேல இருந்தா கூடையோட திருப்பி அனுப்பிடுவேன்" என்று ஆளுக்கொரு வளைந்த கத்தியைக் கொடுத்தான். குனிய வேண்டியது, குடையை இடது கையால் பிடிக்க வேண்டியது, அதன் கழுத்திலேயே சரக்கென்று அறுக்க வேண்டியது. மிச்சக் காம்பு மண்ணிலேயே நிற்கும். வேலை என்னவோ சுத்தம்தான். ஆனால் கத்தி வந்த பிறகு ஒடித்துப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் விட்டுப்போயிற்று. பத்து வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் கொட்டகைச் சுவரில் பெரிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. பச்சைத்தொப்பிக்குக் கூடப்பிறந்தது போல ஒரு காளான். ஆனால் அதன் காம்பின் மேற்பக்கம் பாவாடை கட்டியது போல ஒரு வளையம், அடியில் மண்ணுக்குள் ஒரு வெள்ளைக் கிண்ணம். வளையமும் கிண்ணமும் இருந்தால் தொடாதே, அரைக் காளான் ஆளைக் கொல்லும் என்று எழுதியிருந்தது. காம்பே இல்லாமல் வருகிற காளானில் வளையத்தை எங்கே தேடுவது, கிண்ணத்தை எங்கே தேடுவது? ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. அந்தக் காட்டில் அப்படி ஒன்று முளைத்ததாகவும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இனி வீட்டுக் கதைக்கு வருவோம்.

வீட்டுக்காரர் மரமில்லில் ரம்பம் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவருடைய தங்கை தையல்காரி. புருஷனோடு ஒத்துப்போகாமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியும் தையல் மெஷினுமாக வந்து இறங்கினாள். வெளிச்சம் வேண்டும் என்று முன்னறை ஜன்னலோரத்தில் மெஷினைப் போட்டாள். அன்றிலிருந்து முன்னறை முன்னறையாக இல்லை. தரையெல்லாம் வெட்டுத்துணி, நூல்கண்டு, உள்பாவாடைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள்.

"வேலைவிட்டு வந்தா காலை நீட்ட ஒரு இடம் உண்டா இந்த வீட்ல?" என்று ஒரு நாள் காளான்காரி வாய்விட்டுவிட்டாள்.

"எங்க அண்ணன் வீட்ல நான் எங்க உட்காரணும்னு நீங்க சொல்ல வேண்டாம் அண்ணி."

"அண்ணன் வீடா? சுவரைக் கேளு, யாரு கூலியில கட்டினதுன்னு சொல்லும்."

அவ்வளவுதான். அது வளர்ந்து வளர்ந்து, ஒரே அடுப்பில் இரண்டு பேரும் தனித்தனி நேரத்தில் தனித்தனிப் பாத்திரத்தில் சமைக்கிற அளவுக்கு வந்து நின்றது. நாற்பது நாள் பேச்சில்லை. தெரு முழுக்கத் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர் இரண்டு இடத்திலும் சாப்பிட்டு வயிறு பெருத்ததுதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மில்லுக்குப் பின்பக்கச் சரிவில் சில வருஷங்களுக்கு முன் வெளியூரிலிருந்து வேர்மண்ணோடு கொண்டுவந்து நட்ட மரங்கள் இருந்தன. வேலை முடிந்து அந்த வழியாக வந்த காளான்காரி ஒரு மரத்தடியில் ஒன்பது பச்சைத்தொப்பியைப் பார்த்தாள். மழமழவென்று, ஒரு புழு இல்லை. நாத்தனாருக்கு இது பிடிக்குமே என்று மனசு இளகிற்று. எத்தனை நாளைக்குத்தான் முறைத்துக்கொண்டிருப்பது? கத்தி இடுப்பில் இருந்தது. ஒன்பது கழுத்தையும் சரக் சரக்கென்று அறுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெங்காயத்தை நிறையப் போட்டு, நெய் விட்டு வதக்கினாள். வாசனை முன்னறைக்குப் போயிற்று. மெஷின் நின்றது.

"அண்ணி, எனக்கும் சேர்த்தா?"

நாற்பது நாளைக்கப்புறம் முதல் பேச்சு அது. காளான்காரி கரண்டியும் கையுமாகத் திரும்பினாள்.

"பின்னே? நாய்க்கா வைக்கப்போறேன்? தட்டை எடுத்துக்கிட்டு வா."

அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாத்தனார் சட்டியில் ஒட்டிக்கிடந்ததையும் சோற்றைப் போட்டு வழித்தாள். "இவ்வளவு ருசியா நீங்க என்னைக்குமே சமைச்சதில்லை அண்ணி" என்றாள். அது பொய்யில்லை. அந்தக் காளான் அப்படித்தான், ருசியில் ஒரு குறையும் இருக்காதாம். பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் ஆரம்பித்தது. முதலில் நாத்தனாருக்கு வாந்தி, பிறகு பேதி. அரைமணி கழித்து வீட்டுக்காரருக்கும். கழிவறைக்கும் முன்னறைக்குமாக இரண்டு பேரும் மாறி மாறி நடந்தே ஓய்ந்துபோனார்கள். மருந்துக்கடைக்காரர் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்துவிட்டு, "நேத்து என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"காளான். ஆனா அது இல்லைங்க" என்றாள் காளான்காரி. "நேத்து ஏழு மணிக்குச் சாப்பிட்டது. காளான்ல கோளாறுன்னா கைகழுவறதுக்குள்ள காட்டிடும். ராத்திரி பூரா நல்லாத் தூங்கினாங்களே. தெருத் தண்ணித்தொட்டியைக் கழுவி மாசக்கணக்காச்சு, அதுதான்."

அவளே சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். அன்று மத்தியானம் தெருவே கூடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவியது.

திங்கட்கிழமை விடிந்தபோது வாந்தியும் நின்றிருந்தது, பேதியும் நின்றிருந்தது. இரண்டு பேருக்கும் முகம் வெளுத்திருந்ததே தவிர வேறொன்றுமில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு சொல்லி அனுப்பிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தார். காளான்காரி வேலைக்குக் கிளம்பினாள். கிளம்பினவள் நேராகக் கொட்டகைக்குப் போயிருக்கலாம். கால் மில்லுக்குப் பின்பக்கம் திரும்பியது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அறுத்த காம்புகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து ஒடித்தாள். பட்டென்று ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவது ஒடியவில்லை. முறுக்கினால் நார் நாராகப் பிரிந்தது. அதன் மேல்நுனியில், அவள் கத்தி பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய பாவாடை ஒன்று சுருங்கித் தொங்கியது. கத்தியை மண்ணில் விட்டு நெம்பினாள். உடைந்த முட்டை ஓட்டைப் போல வெள்ளைக் கிண்ணம் மண்ணோடு வந்தது. ஏழாவதும் அதே மாதிரி வந்தது.

"ஐயோ" என்றாள். சத்தம் வரவில்லை.

கொட்டகைக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். வழியெல்லாம் வாயில் விஷம் என்ற வார்த்தை தயாராக இருந்தது. கதவைத் திறந்தால் முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நாத்தனார் வாயில் நூலைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள்.

"என்ன அண்ணி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

"நீ... படுத்திருக்க வேண்டாமா?"

"நேத்துப் பூராப் படுத்தாச்சு. பசி பிராணன் போகுது. வயித்துல இருந்ததெல்லாம் வெளியே வந்துடுச்சுல்ல, கல்லைத் தின்னாலும் செரிக்கும் போலிருக்கு."

"வலி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லை. அண்ணனைப் பாருங்க, காலையிலேர்ந்து மூணு டீ."

"நாலு" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். காளான்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்பார், காளான் என்பாள். யார் பறித்தது? நான். யார் சமைத்தது? நான். நீ சாப்பிட்டாயா? இல்லை. நாற்பது நாள் பேச்சில்லாமல் இருந்த நாத்தனாருக்கு அண்ணி விஷக்காளான் சமைத்துப் போட்டாள், தான் தொடவில்லை என்று தெருவில் சொன்னால் எந்தப் பைத்தியக்காரன் வேறு மாதிரி நினைப்பான்? நாத்தனாரே நினைப்பாளே! இப்போதுதான் வாய் நிறைய அண்ணி என்கிறாள்.

இதோ இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். உடம்பு விஷத்தை வெளியே தள்ளிவிட்டது. ஒன்பதில் இரண்டுதானே, அதையும் வாந்தியில் எடுத்தாயிற்று. தேறினவர்களிடம் போய் எதற்கு? மனசு இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தது. அவள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள்.

"சோறு வைக்கிறேன்" என்று அடுப்படிக்குப் போனாள்.

அந்த மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். நாத்தனார் சாப்பிட்டுவிட்டு மெஷினை ஒரு பக்கமாக நகர்த்தி, "இப்படிப் போட்டா உங்களுக்குக் கால் நீட்ட இடம் இருக்கும்ல அண்ணி?" என்று கேட்டாள். பிறகு மிச்சத் துணியில் காளான்காரிக்கு ஒரு ரவிக்கை வெட்டினாள். வேண்டாம் என்றாலும் விடாமல் எழுப்பி நிறுத்தி, தோளில் டேப்பை வைத்து அளந்தாள். அவள் விரல் கழுத்தில் பட்டபோது சுடவும் இல்லை, சில்லென்றும் இல்லை, நல்ல ஆரோக்கியமான விரலாகத்தான் இருந்தது. சாயங்காலம்வரை மெஷின் ஓடியது. காளான்காரி அடிக்கொரு தரம் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் சொல்ல வந்தாள், ஒவ்வொரு தரமும் திரும்பிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாத்தனார் எழுந்திருக்கவில்லை. "வலது பக்கம் என்னவோ செய்யுது அண்ணி" என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

காளான்தான் என்று அப்போது சொன்னாள். கத்திச் சொன்னாள். மில் லாரியில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினாள்.

"சனிக்கிழமை ஏழு மணி. ஞாயிறு பத்து மணிக்கு வாந்தி. நேத்து?"

"நேத்து நல்லா இருந்தாங்கம்மா."

"அப்படித்தாம்மா இருக்கும். இந்த விஷம் மெதுவா வேலை செய்யும், வேகவச்சாலும் போகாது. நடுவுல ஒரு நாள் ஆள் தேறின மாதிரியே இருப்பாங்க, சாப்பிடுவாங்க, சிரிப்பாங்க. உள்ளே ஈரல் போய்க்கிட்டிருக்கும். நேத்தே கொண்டுவந்திருந்தா கையில ஒரு நாள் கூட இருந்திருக்கும். காளான்தான்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

பக்கத்துக் கட்டிலில் வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குக் காலையில" என்றாள் காளான்காரி.

நாத்தனார் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். கடைசி நாள் ஆள் அடையாளம் தெரியவில்லை. ஒரு தடவை மட்டும் காளான்காரியைப் பார்த்து, "ரவிக்கைக்குக் கை மட்டும் தைக்கணும், பாக்கி முடிஞ்சுது" என்றாள். வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். அவர் குறைவாகச் சாப்பிட்டிருந்தார். ஐந்து வாரம் கழித்து எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார்.

கொட்டகையில் இப்போது சட்டம் மாறிவிட்டது. வேர்க்கட்டையோடு வராத காளானை மேஸ்திரி தொடுவதில்லை. காளான்காரி அங்கே போவதை நிறுத்திவிட்டாள். அவள் பாடு முன்னறையோடு ஆயிற்று. மெஷினை நாத்தனாருடைய புருஷன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் மழை பெய்து ஓய்ந்தால் போதும், அவளுக்கு மெஷின் சத்தம் கேட்கும். பயப்படும்படியான சத்தம் இல்லை, அந்தத் திங்கட்கிழமை ஓடினதே, அதே உற்சாகமான ஓட்டம். எட்டிப் பார்ப்பாள். நாத்தனார் இறந்துபோன கோலத்தில் வந்திருந்தால்கூடத் தேவலை. வாயில் நூலும் சிரிப்புமாக, நன்றாக இருக்கிற கோலத்திலேயே ஜன்னலோரம் நிமிர்ந்து பார்த்து, பசிக்கிறது என்பாள். காளான்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடறேன், இரு, சொல்லிடறேன்" என்பாள். ஜன்னலில் வெளிச்சம் மட்டும் இருக்கும்.

தெரு விடவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்பார்கள். "இவ மட்டும் சாப்பிடலையாமே?" அப்போதெல்லாம் வீட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வருமோ, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"பதினெட்டு வருஷமா அவ காளானை வாயில வச்சதில்லை. கொட்டகையில போய்க் கேளுங்க. ஒரு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா இவ சும்மா இருந்திருப்பாளா? எங்க ரெண்டு பேரையும் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருப்பா."

வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள். அடுப்படியில் நிற்கிற காளான்காரிக்கு, யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மாசத்துக்கு நாலு தடவையாவது அதைச் சொன்னார். ஒரே வார்த்தை, ஒரே மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஸ்திரி வந்தான். திரும்ப வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டான், அப்படியே மெல்ல அந்தப் பேச்சையும் எடுத்தான். வீட்டுக்காரர் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினார். அவன் போன பிறகு காளான்காரி வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"திங்கட்கிழமையே தோண்டிட்டேன்."

"எந்தத் திங்கட்கிழமை?"

"அவ ரவிக்கை வெட்டினாளே. நீங்க ரெண்டாம் தடவை சோறு வாங்கினீங்களே, அன்னைக்கு. காலையிலேயே போய்த் தோண்டினேன். ரெண்டு கிண்ணம் இருந்துது."

வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"ஏன் சொல்லலே?"

"நான்தான் வச்சுக் கொன்னேன்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. தப்பிச்சாச்சு, சொல்லாமலே போயிடலாம்னு நெனச்சேன்."

"அவளுக்கு மட்டும் இல்லையே" என்றார் வீட்டுக்காரர். குரல் உயரவில்லை. "எனக்கும் சேர்த்துத்தானே பேசாம இருந்தே?"

"ஆமா."

அவர் அழுவார் என்று நினைத்தாள், அடிப்பார் என்றுகூட நினைத்தாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மூன்றாம் நாள் தையல்காரியிடம் துணி கொடுத்து வைத்திருந்த ஒரு பெண் வந்தாள். துணியை வாங்கிக்கொண்டவள் போகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்கண்ணே. நடந்தது என்னதான்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க..." என்று இழுத்தாள்.

காளான்காரி அடுப்படியில் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்காரவில்லை.

"அவ உள்ளேதான் இருக்கா" என்றார். "அவளையே கேளும்மா."

காளான்காரி கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.